பேசாத பல்லக்கு

எல்லாரும் காலை நீட்டிக்கிட்டீங்களா, சரி. யாராவது ஒருத்தர் 'உம்' கொட்டிக்கிட்டே வரணும், 'உம்' நின்னுபோச்சுன்னா நானும் நிறுத்திருவேன்.

ஏழு ஆறு தாண்டி, ஏழு காடு தாண்டி, மருதங்கோட்டைன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊர்ல ஒரு பல்லக்குக் கொட்டடி இருந்துச்சாம். கொட்டடின்னா வேற ஒண்ணுமில்ல, பல்லக்கை நிறுத்தி வைக்கிற பெரிய கூரைக் கொட்டகை. அதுல ஒரே ஒரு பெரிய பல்லக்கு, அதைத் தூக்க எட்டு ஆளு, முன்னால நாலு பேரு, பின்னால நாலு பேரு. பிள்ளைத்தாச்சிப் பொண்ணு தாய்வீட்டுக்குப் போகணுமா, பல்லக்கு. நடக்க மாட்டாத கிழவர் கோயிலுக்குப் போகணுமா, பல்லக்கு. வைத்தியர் அவசரமா அடுத்த ஊருக்குப் போகணுமா, அதுக்கும் அந்தப் பல்லக்குதான்.

கொட்டடிக்குச் சொந்தக்காரர் அங்கமுத்துன்னு ஒரு பெரியவரு. அவரு முப்பது வருசம் தானே பல்லக்குத் தூக்குனவரு, தோள்ல தேங்காய் மாதிரி ஒரு காப்பு காய்ச்சிருக்கும். ஒரு ஆளுக்குக் காய்ச்சல்னா, 'நீ படுத்துக்கப்பா'ன்னு சொல்லிட்டு அவரே போயி தோளைக் குடுப்பாராம்.

இப்ப ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க பார்ப்போம். முன்னால தூக்குறவனுக்கு ரோடு தெரியும். பின்னால தூக்குறவனுக்கு என்ன தெரியும்? பல்லக்கோட முதுகுதான் தெரியும். கல்லு இருக்கா, முள்ளு இருக்கா, அவனுக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் பாட்டு. முன்னால போறவன் கூத்தாண்டி, கழுகு மாதிரி கண்ணு அவனுக்கு. அவன் பாடுவான், பின்னால வாறவங்க பதில் பாடுவாங்க.

"கல்லு வருது, கல்லு வருது."

"கண்டுக்கிட்டோம், நடங்கடா."

"பள்ளம் வருது, பள்ளம் வருது."

"பதறாம இறங்குவோம்."

உள்ள யாராவது தொப்பை பெருத்த ஆளு ஏறியிருந்தா, "பூசணிக்கா கனக்குது"ன்னு கூத்தாண்டி பாடுவானாம், "பொழுதுக்குள்ள இறக்குவோம்"னு பின்னால இருக்கிறவங்க பாடுவாங்களாம், உள்ள இருக்கிற ஆளு யார் வீட்லயோ பூசணிக்கா சாம்பார் போலன்னு நினைச்சுக்கிட்டுத் தூங்கிருவாராம். பாதி வழியில ஒரு புளியமரம், அங்க பல்லக்கை இறக்கி மூச்சு வாங்குவாங்க. திரும்பி வந்தா கூத்தாண்டி பொண்டாட்டி இருளாயி ஒரு பானை கம்பங்கூழ் கரைச்சு வச்சிருப்பா. எட்டு பேரும் வட்டமா உக்காந்து குடிச்சு, பானையைச் சுரண்டி, அடியைத் தட்டித் தட்டிப் பார்ப்பாங்களாம்.

இப்படி இருக்கையில அங்கமுத்துக்கு முட்டி போச்சு, கண்ணும் மங்கிருச்சு, தூரத்துல கட்டிக்குடுத்த பொண்ணு 'எங்கூட வந்து இருங்கப்பா'ன்னு ஆள் மேல ஆள் விட்டா. சரின்னு அவரு கொட்டடியை வித்தாரு. வாங்குனவரு பேரு குபேரலிங்கம். அந்த ஆளு பன்னீர் வித்தவரு, அப்புறம் பாய் வித்தவரு, பல்லக்கை உள்ளயிருந்து பார்த்திருக்காரே ஒழிய வெளியயிருந்து பார்த்ததே இல்லை.

"ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன். எதுன்னாலும் ஆளுங்களைக் கேட்டு நடத்துங்க"ன்னு அங்கமுத்து சொன்னாரு.

"கவலையே படாதீங்க, அவங்க என் பிள்ளைங்க மாதிரி"ன்னு குபேரலிங்கம் கண்ணுல தண்ணி விட்டாராம். பன்னீர் வித்த ஆளுல்ல, தண்ணிக்கு என்ன பஞ்சம்.

மறுநாள் காலையில எட்டு பேரையும் வரிசையா நிக்க வச்சு, தான் பல்லக்குல ஏறி உக்காந்துக்கிட்டு குபேரலிங்கம் பேசுறாரு. "இன்னையிலேருந்து நாம எல்லாம் ஒரே குடும்பம். உங்க சந்தோசந்தான் என் சந்தோசம்."

அந்த எட்டு பேர்ல மொக்கையன்னு ஒருத்தன் இருந்தான். அவனை ஊரே பைத்தியக்காரன்னு சொல்லும், அவனும் இல்லைன்னு சொல்ல மாட்டான். அவன் கையைக் கட்டிக்கிட்டுக் கேட்டான், "அப்ப மத்தியானச் சோறு உங்க வீட்லயாங்க?"

ஏழு பேரும் சிரிச்சாங்க. குபேரலிங்கம் சிரிக்கலை. பக்கத்துல நின்ன அவரு மச்சினன் தாண்டவன், 'யாருடா சிரிச்சது'ன்னு ஒவ்வொரு மூஞ்சியாப் பார்த்தான். தாண்டவனுக்கு என்ன வேலைன்னு கேக்குறீங்களா? பல்லக்குக்குப் பின்னால கையை வீசிக்கிட்டு நடக்கிறதுதான் அவன் வேலை. தூக்குறவங்களைத் தூக்குறாங்களான்னு பாக்கிறதுக்கு ஒரு ஆளு.

அப்புறம் குபேரலிங்கம் மூணு சட்டம் போட்டாராம்.

"முதல் சட்டம், பாடக்கூடாது. பெரிய மனுசங்க போற பல்லக்கு, கூத்துக் கொட்டகை மாதிரி சத்தம் என்ன? பேச்சுமூச்சு இருக்கக்கூடாது."

"ரெண்டாஞ் சட்டம், நிக்கக்கூடாது. புளியமரத்தடியில உங்களுக்கு என்ன வேலை? நான் நில்லுன்னா நில்லுங்க, இல்லைன்னா போய்க்கிட்டே இருங்க."

"மூணாஞ் சட்டம், யோசிக்கக்கூடாது. இந்த வழி சேறு, அந்த வழி முள்ளுன்னு நீங்களா திரும்புறீங்களாமே. வழியை ஏறி உக்காந்தவரு சொல்லுவாரு. யோசிக்கிறதுக்கு நான் இருக்கேன்."

கூத்தாண்டி ஒரு அடி முன்னால வந்து பதவிசாச் சொன்னான், "ஐயா, பாட்டு எங்க சந்தோசத்துக்கு இல்லீங்க. பின்னால வாறவங்களுக்குக் கண்ணு அதுதாங்க."

"இத்தனை வருசமா ஒரே ரோட்டுல நடக்கிறீங்க, இன்னும் மனப்பாடம் ஆகலையா?"ன்னு கேட்டாராம் குபேரலிங்கம். கேட்டுட்டு, தான் ஏதோ பெரிய விசயம் சொல்லிட்ட மாதிரி மச்சினனைப் பார்த்தாரு, மச்சினன் ஆகா ஆகான்னு தலையை ஆட்டினான்.

அதோட விட்டாரா? மினுமினுன்னு ஒரு சரிகைத் தலைப்பாகை காட்டினாரு. "யாரு சட்டத்தை மீறுனாங்க, யாரு என்னைப் பத்தி என்ன பேசுனாங்கன்னு தாண்டவன்கிட்ட வந்து சொல்றவனுக்கு இது."

ஒரு மாசம் யாரும் போகலை. ரெண்டாம் மாசம் ஒருத்தன் தலையில சரிகை மின்னுச்சு. மூணாம் மாசம் இன்னொருத்தன் தலையில. அப்புறம் எட்டு பேரும் ஒருத்தர் தலையை ஒருத்தர் பார்த்துக்கிட்டே நடந்தாங்களாம். கூழ் குடிக்க வட்டமா உக்காரலை, ஒருத்தன் இந்தச் செவுத்தைப் பார்த்து, ஒருத்தன் அந்தச் செவுத்தைப் பார்த்துக் குடிச்சானுங்க. இருளாயி பானையைக் கழுவப் போனா, அடியில கால் பானை கூழ் மிச்சம். அவ அதைப் பார்த்துட்டு மறுநாள் கம்பைக் குறைச்சுப் போட்டா. அதுவும் மிஞ்சுச்சு.

மொக்கையன் மட்டும் ஒருநாள் தாண்டவன்கிட்டப் போனான். "மாமா, ஒருத்தன் உங்களைத் தப்பாப் பேசினாங்க."

"யாருடா அவன்?"

"மொக்கையங்க. நீங்க நடக்கிறது சினை எருமை நடக்கிற மாதிரி இருக்குன்னாங்க."

தாண்டவனுக்கு மூஞ்சி செவந்துபோச்சு. ஆனா சட்டம் சட்டந்தானே, சொன்னவனுக்குத் தலைப்பாகை குடுத்தாகணும். குடுத்தான். மறுநாள் மொக்கையன் மறுபடி வந்தான், "நேத்து குடுத்த சரிகை மட்டச் சரிகைன்னு மொக்கையன் சொல்றாங்க"ன்னான். இன்னொரு தலைப்பாகை. அதுக்கு மறுநாளும் வந்தான், மூணாவதும் வாங்கிக்கிட்டான். மூணையும் ஒண்ணு மேல ஒண்ணா வச்சுக்கிட்டுப் பல்லக்குத் தூக்கினான். வழியில ஊரு சிரிச்சுது. கூட இருந்தவங்கதான் சிரிக்க மறந்துட்டாங்க.

கூத்தாண்டிக்கு மனசு கேக்கலை. பாட மாட்டான், ஆனா கல்லைக் கண்டா மெல்ல ஒரு செருமல், பள்ளத்தைக் கண்டா ரெண்டு செருமல். யாரோ ஒரு புண்ணியவான் போயி தலைப்பாகை வாங்கிக்கிட்டான். மறுநாளே கூத்தாண்டியைப் பின்னால போட்டாங்க. முன்னால யாரு? பார்க்க லட்சணமா இருக்கிற ஆளுங்களா நிக்கட்டும்னு குபேரலிங்கமே பொறுக்கி நிக்க வச்சாரு, மொக்கையனும் அதுல ஒருத்தன்.

அன்னைக்குப் பல்லக்குல வைத்தியர். வாய்க்கா மேட்டுல ஒரு பெரிய குழி. முன்னால போற நாலு லட்சணமும் குழியைப் பார்த்துச்சு, ஒதுங்கிப் போச்சு, வாயைத் திறக்கலை. தாண்டவன் பின்னால வாறானே. கூத்தாண்டி வலது கால் அந்தக் குழிக்குள்ள போச்சு, பல்லக்கு சாஞ்சுது, எலும்பு முறியற சத்தம் எல்லாருக்கும் கேட்டுச்சாம். வைத்தியர் உருண்டு வெளிய வந்து விழுந்தாரு. விழுந்த மனுசன் தன் முழங்கை ரத்தத்தைக்கூடத் துடைக்காம மூங்கிலை ஒடிச்சு, வேட்டியைக் கிழிச்சு, அங்கயே கட்டுப் போட்டாரு. போட்டுக்கிட்டே கேட்டாரு, "எட்டு பேர் இருக்கீங்க, ஒரு வாய் கூடவா இல்லை?"

கட்டில்ல போட்டுக் கொட்டடிக்குக் கொண்டாந்தாங்க. குபேரலிங்கம் வந்து பார்த்தாரு. காலைப் பார்க்கலை, பல்லக்கைப் பார்த்தாரு. ஒரு மூலையில சாயம் உரிஞ்சிருந்துச்சு. "கவனக் குறைவு. இந்தக் குடும்பத்துல கவனமில்லாதவனுக்கு இடமில்லை"ன்னாராம்.

ஏழு பேரும் அங்கதான் நின்னாங்க. குழி முன்னால போனவங்களுக்குத் தெரியும், பாட்டு எல்லாருக்கும் தெரியும், யாரு யாரைக் காட்டிக்குடுத்தான்னும் தெரியும். ஏழு பேரும் தரையைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. மொக்கையனும் அப்படித்தான், அவன் தலையில இருந்த மூணு தலைப்பாகையும் அன்னைக்கு அவனுக்கே வேடிக்கையா இல்லை.

இருளாயி தன் பானையை எடுத்து இடுப்புல வச்சா. "எத்தனை பாரம் தூக்கியிருக்கீங்க, ஒரு சொல்லைத் தூக்க முடியலையே"ன்னு சொன்னா. புருசனை மாட்டு வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிட்டா.

சரி, எட்டாவது ஆளுக்கு வேற ஆளு போட்டாரான்னு கேளுங்க. போடலை. "ஒரே குடும்பமா இருந்து ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்துத் தூக்குங்க"ன்னுட்டாரு. ஏழு பேரு தூக்கினாங்க. பல்லக்கு ஒரு பக்கம் இழுத்துச்சு. பிள்ளைத்தாச்சிப் பொண்ணுங்க ஏற பயந்தாங்க, கிழவருங்க வீட்லயே கும்பிட்டுக்கிட்டாங்க. வேற கொட்டடி பக்கத்துல இருந்தா ஆளுங்களும் போயிருப்பாங்க, எங்க போறது, பிள்ளைகுட்டி இருக்கே. காலையில வந்தாங்க, தூக்கினாங்க, போனாங்க. பொணத்துக்கும் அவங்களுக்கும் ஒரே வித்தியாசம், அவங்க நடந்தாங்க.

அப்பத்தான் ராசா ஒரு தமுக்கு அடிக்கச் சொன்னாராம். ராணி தாய்வீட்டுக்குப் போகணும், நல்ல பல்லக்கு எது, அரமணைக்குக் கொண்டாந்து காட்டுங்கன்னு. குபேரலிங்கத்துக்கு வாயெல்லாம் பல்லு. "என் பல்லக்கு மாதிரி சத்தமில்லாத பல்லக்கு எந்த நாட்டுல இருக்கு? நானே ஏறிப் போயி ராசாவுக்குக் காட்டுறேன்"னாரு. தாண்டவனை முன்கூட்டியே அரமணைக்கு அனுப்பி, "இதோ வாராரு, அதோ வாராரு"ன்னு சொல்லச் சொன்னாரு.

காலையில நெய் வழிய வெண்பொங்கல் சாப்பிட்டாரு, பட்டு கட்டினாரு, பல்லக்குல ஏறினாரு. முன்னால இடதுபக்கம் மொக்கையன் நிக்கிறான்.

"நேரா போங்கடா. நான் சொல்ற வரைக்கும் நிக்கக்கூடாது. ஒரு சத்தம் வரக்கூடாது"ன்னு சொல்லிட்டுத் திரையை இழுத்து விட்டாரு. பத்து அடி போறதுக்குள்ள பொங்கல் வேலையைக் காட்டிருச்சு, குறட்டை கேட்டுச்சு.

கொட்டடித் தெரு நேரா போனா பிள்ளையார் கோயில். அங்க இடதுபக்கம் திரும்புனா அரமணை. திரும்பாம நேரா போனா எருமைங்க குளிக்கிற குளம். பிள்ளையார் கோயில் வந்துச்சு. மொக்கையன் இடதுபக்கம் பார்த்தான், நேரா பார்த்தான். திரும்புன்னு யாரும் சொல்லலையே. யோசிக்கவும் கூடாதே. நேரா நடந்தான். பின்னால இருந்தவங்களுக்கும் தெரு தெரியாதா என்ன, திருப்பம் கடந்துபோனது காலுக்குத் தெரியும். ஒருத்தன்கூட இழுக்கலை. கூத்தாண்டி போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் ஏழு பேரு காலும் ஒண்ணா விழுந்துச்சாம்.

அரமணை மாடியிலேருந்து ராசா பார்க்கிறாரு. "என்னய்யா, உங்க பல்லக்கு குளத்துப் பக்கம் போகுது?"ன்னு தாண்டவனைக் கேட்டாரு. தாண்டவன் எட்டிப் பார்த்தான், தலையில கையை வச்சுக்கிட்டான். ராசா செருப்பைக்கூட மாட்டாம இறங்கி ஓடினாரு, ஊரும் பின்னால ஓடுச்சு.

பல்லக்கு குளத்துல இறங்குது. கணுக்கால் தண்ணி, முழங்கால் தண்ணி, இடுப்புத் தண்ணி. எருமைங்க வழி விட்டுச்சு. பல்லக்குக்கு அடியில தண்ணி ஏறி, திண்டு நனைஞ்சு, பட்டு நனைஞ்சு, அப்புறந்தான் குபேரலிங்கம் முழிச்சாரு.

"யாருடா அது பன்னீர் தெளிக்கிறது?"ன்னு கேட்டுக்கிட்டே திரையை விலக்கினாரு. ஒரு எருமை அவரு மூஞ்சிக்கு நேரா நின்னு பார்த்துச்சு.

"நிறுத்துங்கடா."

நிறுத்திட்டாங்க. நட்டநடுக் குளம்.

"எங்கடா கொண்டாந்திருக்கீங்க?"

பதில் இல்லை.

"வாயில என்ன கொழுக்கட்டையா? பேசித் தொலைங்கடா."

மொக்கையன் கேட்டான், "பேசலாங்களா?"

"பேசுடா."

"குளத்துக்குங்க."

"எதுக்குடா குளத்துக்கு?"

"நேரா போன்னீங்க. நேரா போனா குளந்தாங்க. அரமணை இடதுபக்கமுங்க."

"அதை ஏன்டா என்கிட்ட அப்பவே சொல்லலை?"

"பேசக்கூடாதுன்னீங்க."

"நிக்கவாவது செஞ்சிருக்கலாமேடா."

"நிக்கக்கூடாதுன்னீங்க."

"அறிவிருக்கா உனக்கு, யோசிக்க வேண்டாமா?"

"அதுக்கு நீங்க இருக்கீங்கன்னு சொன்னீங்களேங்க."

கரையில நின்ன ஊரு முழுக்கச் சிரிக்குது, ராசா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. குபேரலிங்கத்துக்கு ஆத்திரம் தலைக்கேறிப்போச்சு. "இறக்குடா கழுதை"ன்னாரு.

"இங்கயேங்களா?"

"இங்கயேதான், இப்பவே இறக்கு."

முதலாளி சொன்னா மறுப்பு ஏது. ஏழு பேரும் பதமா, ஒரு தெறிப்பு இல்லாம, பிள்ளைத்தாச்சியை இறக்கிற மாதிரி இறக்கினாங்க. பட்டு, திண்டு, திரை, குபேரலிங்கம் எல்லாம் தண்ணிக்குள்ள போச்சு. தண்ணி இடுப்பு மட்டந்தான், பயப்படாதீங்க. சேத்தைத் துப்பிக்கிட்டு எந்திரிச்சு நின்னாரு, தலையில ஒரு தாமரை இலை.

அந்த ராசாவும் பெரிய அறிவாளி இல்லை, இத்தனை நாளா ஊர்ல என்ன நடக்குதுன்னு கேட்டவரில்லை. ஆனா வைத்தியர் பக்கத்துல நின்னாரு. கூத்தாண்டி காலு எப்படி முறிஞ்சுதுன்னு அவரு சொன்னாரு, ராசாவுக்குச் சிரிப்பு நின்னுபோச்சு. "மச்சானும் மச்சினனும் சேர்ந்து அந்தப் பல்லக்கைத் தூக்கிக் கரையேத்துங்க. ஏத்திட்டா உங்களுது. இல்லைன்னா யாரு தூக்கிக் கரையேத்துறாங்களோ, பல்லக்கும் கொட்டடியும் அவங்களுது"ன்னாரு.

ரெண்டு பேரும் தூக்கினாங்க. முன்னால ஒருத்தர், பின்னால ஒருத்தர். இவரு இழுத்தா அவன் விழுந்தான், அவன் இழுத்தா இவரு விழுந்தாரு. "உனக்குத் தூக்கத் தெரியலைடா." "நீங்க தூக்குனதே இல்லையே மச்சான்." மத்தியானம் வரைக்கும் இதேதான். பல்லக்கு இன்னும் ஒரு சாண் சேத்துக்குள்ள போனது மிச்சம்.

அப்புறம் அந்த ஏழு பேரு முயற்சி பண்ணினாங்க. சேத்துல புதைஞ்சுபோச்சே, அசையலை, ஒரு தோள் குறையுது. என்ன செய்வாங்க, கூத்தாண்டி வீட்டுக்குப் போனாங்க. இருளாயி வாசல்ல நிக்கிறா, உள்ள வாங்கன்னு சொல்லலை. வெயில்ல நிக்க வச்சா.

ஏழு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாங்க. மொக்கையன்தான் முதல்ல சொன்னான், "அக்கா, குழி எங்களுக்குத் தெரிஞ்சுது. நாங்க சொல்லலை." அதுக்கப்புறம் இன்னொருத்தன், "செருமலைப் போயிச் சொன்னது நாந்தான்"னான். சொல்லிட்டு அழுதான்.

உள்ளயிருந்து கூத்தாண்டி குரல் வந்துச்சு. "என் காலு இனிமே பாரம் தாங்காதுடா. என்னை எதுக்குக் கூப்பிடுறீங்க?"

இருளாயி முந்தானையை இழுத்து இடுப்புல சொருகினா. "உங்களுக்காக வரலை. அந்த ஆளு பல்லக்கை வச்சுக்கக்கூடாது, அதுக்காக வாறேன்"னா. போனா, சேத்துல இறங்கினா, கூத்தாண்டி நின்ன இடத்துல தோளைக் குடுத்தா. எட்டு தோளும் சேர்ந்துச்சு, பல்லக்கு சளக்குன்னு மேல வந்துச்சு.

பல்லக்கும் கொட்டடியும் அவங்களுதுதான் ஆச்சு. இருளாயிதான் முதலாளி மாதிரி, ஆனா அவளும் தூக்கினா. கூத்தாண்டி கால் கோணலாத்தான் கூடுச்சு. தடியை ஊனிக்கிட்டு அவன் பல்லக்குக்கு முன்னால நடந்து ரோட்டைப் பாடினான். அவன் நடைக்குத்தான் பல்லக்கு போகும். அவசரக்காரங்க இறங்கி நடந்துக்கலாம்னு இருளாயி சொல்லிட்டா. செருமலைக் காட்டிக்குடுத்தவனை மத்தவங்க மன்னிக்க ரொம்ப நாளாச்சு. சிலபேரு கடைசி வரைக்கும் மன்னிக்கலைன்னும் சொல்றாங்க.

குபேரலிங்கம் என்ன ஆனாரா? அவரு திருந்தலை, அந்த மாதிரி ஆளு திருந்துறது ரொம்ப அபூர்வம். பக்கத்து ஊர்ல ஒரு எண்ணெய்ச் செக்கை வாங்கப் போனாராம். செக்காட்டுறவங்களை வரிசையா நிக்க வச்சு, தொண்டையைச் செருமிக்கிட்டு, "இன்னையிலேருந்து நாம எல்லாம் ஒரே குடும்பம்"னு ஆரம்பிச்சாரு. கதை அவருக்கு முன்னாலயே அந்த ஊருக்குப் போயிருந்துச்சு. ஒருத்தன் சிரிச்சான், அடுத்தவன் சிரிச்சான், செக்கு மாட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்ன கிழவனும் சிரிச்சான். அந்த ஊர்லயும் அவரால இருக்க முடியலை, அதுக்கடுத்த ஊர்லயும் முடியலை.

இதுலேருந்து ஒண்ணு தெரிஞ்சுக்கங்க பிள்ளைகளா. கொட்டடியை வாங்கலாம், பல்லக்கை வாங்கலாம். எட்டு பேரு மனசு ஒத்து ஒரு நடை நடக்கிறாங்களே, அது கிரயப் பத்திரத்துல வராது.

கேட்டவங்க கண்ணை மூடுங்க, சொன்னவ வாயை மூடிக்கிறேன்.